செஷமில் தொடங்குவது ஏன்? லண்டன் ட்யூப் சவாலை ரசிப்பது எப்படி

ட்யூப் என்று அழைக்கப்படும் லண்டன் பாதாள ரயிலில் இன்று 272 ஸ்டேஷன்கள். அத்தனையையும் ஒரே நாளில் தொட்டு முடிப்பதுதான் ட்யூப் சவால். 1960 வாக்கிலிருந்தே கின்னஸ் புத்தகம் இதை ஒரு சாதனையாகப் பதிந்துவருகிறது. 2013-இல் ஜெஃப் மார்ஷலும் ஆன்டனி ஸ்மித்தும் அப்போதிருந்த 270 ஸ்டேஷன்களை 16 மணி 20 நிமிடம் 27 நொடியில் முடித்தார்கள். பிறகு அதையும் குறைத்தவர்கள் உண்டு. இப்படி ஒரு செய்தியைப் படித்தால் நம் கவனம் நேரே அந்த நொடிக் கணக்கில் போய் நின்றுவிடுகிறது. சுவையோ வேறிடத்தில் இருக்கிறது. லட்சக்கணக்கானவர்கள் தினமும் யோசிக்காமல் ஏறி இறங்கும் ஒரு ரயில் அமைப்பு, ஒருவர் தனக்குத் தானே ஒரு விதியை வகுத்துக்கொண்ட அந்தக் கணமே, வரிக்கு வரி படிக்க வேண்டிய ஒன்றாகிவிடுகிறது. விதி எதைக் கேட்கிறதோ அதற்கேற்ற லண்டன்தான் கண்ணில் படுகிறது. ஆகவே சவாலை ரசிக்க நினைப்பவர் எவ்வளவு நேரம் என்று கேட்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். என்ன விதி, எந்த வழி, ஏன் அந்த வழி என்று முதலில் கேட்க வேண்டும்.

விதிகள் கொஞ்சம்தான். ரயில் அந்த ஸ்டேஷனில் நிற்க வேண்டும். நிற்காமல் கடந்துபோனால் கணக்கில் வராது. இறங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. எல்லாப் பாதைகளிலும் போக வேண்டும் என்பதும் இல்லை. ஒரு ஸ்டேஷனுக்கு ட்யூபில் வந்து சேர்ந்தாலும் சரி, அங்கிருந்து ட்யூபில் கிளம்பினாலும் சரி. இடையில் நடக்கலாம், ஓடலாம், பொதுப் பஸ்ஸில் போகலாம். டாக்ஸி, கார், சைக்கிள் கூடாது. இதில் ஓடலாம் என்ற ஒரு சலுகை எவ்வளவு பெரிய வேலை செய்கிறது என்பதை மேற்கு ஓரத்தில் பார்க்கலாம். சென்ட்ரல் லைனின் கடைசி ஸ்டேஷன் வெஸ்ட் ருயிஸ்லிப். அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில், வேறொரு பாதையில், இக்கனம் இருக்கிறது. ரயிலை மட்டுமே நம்பினால் நகரத்தை நோக்கி வெகுதூரம் திரும்பி வந்து, பாதை மாறி, மறுபடி மேற்கே போக வேண்டும். கால்களை நம்பினால் அத்தனையும் மிச்சம். ஹாரி பெக் 1931-இல் வரைந்து 1933-இல் அச்சான அந்தப் புகழ்பெற்ற ட்யூப் வரைபடம் எந்த ரயிலில் ஏறி எங்கே மாறுவது என்பதைச் சொல்லப் பிறந்தது. தரையில் எது எதற்குப் பக்கம் என்பதைச் சொல்வது அதன் வேலை இல்லை. அதைச் சவாலுக்கு இறங்குபவர் தானே கண்டுபிடித்தாக வேண்டும்.

இனி ஒரு கணக்கு. 270 ஸ்டேஷன்களுக்கு 16 மணி 20 நிமிடம் என்றால் ஒரு ஸ்டேஷனுக்குச் சராசரியாக மூன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல். இந்த அளவுகோலோடு மெட்ரோபாலிட்டன் லைனின் வடமேற்கு மூலைக்குப் போவோம். சால்ஃபன்ட் அண்ட் லாட்டிமருக்கும் செஷமுக்கும் நடுவே 6 கிலோமீட்டருக்கு மேல். அடுத்தடுத்த இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடையே ட்யூபில் இதைவிட நீண்ட தூரம் கிடையாது. பத்து நிமிடத்தை ஒட்டி ஆகிறது. செஷமில் ஒரே பிளாட்பாரம், ரயில் அரைமணிக்கு ஒன்று. பயணத்தின் நடுவில் போய்த் திரும்பினால் ஒரே ஒரு ஸ்டேஷனுக்காக ஐந்தாறு ஸ்டேஷனுக்கான நேரம் போய்விடும், காத்திருப்பது தனி. ஆனால் அங்கேயே விடிகாலையில் தொடங்கிவிட்டால் அந்தக் கிளையை ஒருமுறை கடந்தால் போதும். இந்தத் தர்க்கம் ஒரு கலைப்படைப்பிலேயே பதிந்திருக்கிறது. ட்யூபின் 150-வது ஆண்டான 2013-இல் ஓவியர் மார்க் வாலிஞ்சர் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு புதிர்வட்டப் பலகையை, எதுவும் இன்னொன்றைப் போல் இல்லாமல், பதிக்க ஏற்பாடு செய்தார். கறுப்பு வெள்ளைச் சதுரம், நுழைவாயிலில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி, மூலையில் கையால் எழுதியதுபோல் ஓர் எண். அந்த எண்கள் 2009-இல் சாதனை படைத்தவர்கள் போன வழியின் வரிசைப்படி இடப்பட்டவை. ஒன்றாம் எண் செஷமில் இருக்கிறது.

செஷம் ஏன் இப்படித் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கிறது என்று கேட்டால் விடை 1889-இல் இருக்கிறது. மெட்ரோபாலிட்டன் ரயில்வே கம்பெனி அந்த ஆண்டு செஷம் வரை பாதை போட்டது, இன்னும் மேலே போகும் எண்ணத்தோடு. பிறகு எண்ணம் மாறி, பிரதான பாதை அமர்ஷம் வழியாக அயில்ஸ்பரிக்கு 1892-இல் போய்ச் சேர்ந்தது. பிரதான பாதையாக வேண்டிய செஷம் கிளையாக நின்றுபோனது. நார்தர்ன் லைனில் மில் ஹில் ஈஸ்ட்டும் இதே கதைதான், இன்னும் துயரமாக. எட்ஜ்வேர் வரை போய் அதற்கப்பாலும் நீள வேண்டிய மின்மயத் திட்டம் இரண்டாம் உலகப் போரில் முடங்கியது. பக்கத்திலிருந்த ராணுவ முகாமுக்காக 1941-இல் இந்த ஒரு துண்டை மட்டும் திறந்தார்கள். போருக்குப் பின் மிச்சத்தைக் கைவிட்டார்கள். இன்றும் ஃபின்ச்லி சென்ட்ரலிலிருந்து ஒற்றைத் தண்டவாளத்தில் போய், வந்த வழியே திரும்ப வேண்டும். ஹீத்ரோவிலோ விமான நிலையம் வளர வளர ரயிலும் தொடர்ந்தது: 1977-இல் முதல் ஸ்டேஷன், 1986-இல் நான்காம் டெர்மினலுக்கு ஒரு வளையம், 2008-இல் ஐந்தாம் டெர்மினலுக்கு வேறொரு கிளை. இரண்டையும் தொட ஒரே இடத்தை இருமுறை கடந்தாக வேண்டும். ஆக, வழி போடுபவர் எங்கெல்லாம் தடுக்கி விழுகிறாரோ அங்கெல்லாம் யாரோ எப்போதோ எடுத்த முடிவு ஒன்று கிடக்கிறது. சுகமாகப் பயணம் செய்கிறவருக்கு இந்த வரலாறு தட்டுப்படுவதே இல்லை. சவாலுக்கு இறங்கியவர் அதன் விலையை நிமிடங்களில் கொடுக்கிறார்.

விதியை மாற்றிப் பாருங்கள், ஊரே மாறிவிடும். வாட்டர்லூ அண்ட் சிட்டி லைன் 1898-இல் திறந்தது. இரண்டே ஸ்டேஷன், வாட்டர்லூவும் பேங்க்கும், நடுவில் ஒன்றும் இல்லை. அந்த இரண்டுக்கும் வேறு லைன்களும் வருவதால், எல்லா ஸ்டேஷனும் தொட வேண்டும் என்ற விதிக்கு இந்த லைன் தேவையே இல்லை. ஆனால் 11 லைன்களிலும் ஏற வேண்டும் என்பது விதியானால் எல்லாத் திட்டமும் இதைச் சுற்றித்தான் அமையும். சனி, ஞாயிறில் ஓடாது என்பதால் கிழமையைக்கூட இதுதான் தீர்மானிக்கும். இன்னொரு விதி ஆங்கில அகரவரிசை: ஏ-யில் தொடங்கும் ஸ்டேஷன், பிறகு பி, பிறகு சி. ஜே, எக்ஸ், ஒய், இசட் எழுத்துகளில் ஸ்டேஷனே இல்லை. ஐ எழுத்துக்கு இருப்பது மேற்கு ஓரத்து இக்கனம் ஒன்றுதான். அந்த ஒரே எழுத்துக்காக ஊரின் விளிம்புக்குப் போக வேண்டுமே என்று அலுத்துக்கொள்பவர், பக்கத்து ஸ்டேஷன் ஹில்லிங்டன் என்பதைக் கவனிக்க வேண்டும். எச் எழுத்து அங்கே முடிகிறது, ஐ அடுத்த நிறுத்தம். நகரத்துக்குத் திரும்பும் மெட்ரோபாலிட்டன் ரயிலிலேயே உட்கார்ந்திருந்தால் கே எழுத்துக்குக் கிங்ஸ் கிராஸ் வரும், எல் எழுத்துக்கு லிவர்பூல் ஸ்ட்ரீட் வரும். இடம் மாறாமலே நான்கு எழுத்து. வரைபடத்தில் விரல் வைத்துத் தேடி இப்படி ஒன்று அகப்படும்போது வரும் மகிழ்ச்சிக்குப் பிளாட்பாரத்தில் ஓடும் ஓட்டம் ஈடாகாது என்பது என் எண்ணம்.

இப்படி ரயிலிலேயே கிடந்தால் லண்டனில் எதைப் பார்த்ததாக ஆகும் என்று கேட்பவர்கள் உண்டு. பெயர்தான் பாதாள ரயில். 402 கிலோமீட்டரில் பாதிக்கு மேல் வெட்டவெளியில் ஓடுகிறது. வீடுகளின் முன்வாசலைத் தெருவில் போகிறவர் பார்க்கிறார். கொல்லைப்புறத்தையும் கொடிக்கயிற்றையும் காய்கறிப் பாத்தியையும் ரயிலில் போகிறவர் பார்க்கிறார். சுரங்கத்துக்குள்ளும் பார்க்க இருக்கிறது. 1906, 1907 ஆண்டுகளில் கட்டடக் கலைஞர் லெஸ்லி கிரீன் கட்டிய ஸ்டேஷன்களில் வெளிச்சுவர் கருஞ்சிவப்பு ஓடு. உள்ளே பிளாட்பாரத்து ஓடுகளின் நிறமும் கோலமும் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் வேறு. விக்டோரியா லைனில் பெஞ்சுக்குப் பின்னால் இருக்கும் ஓட்டுச் சித்திரங்களில் வாரன் ஸ்ட்ரீட்டுக்கு ஒரு புதிர்ப்பாதை, செவன் சிஸ்டர்ஸுக்கு ஏழு மரங்கள், பிரிக்ஸ்டனுக்குச் செங்கல் அடுக்கு. ரயில் நிற்கும் அரை நிமிடத்தில், ஜன்னல் வழியே, பெயர்ப்பலகை தேடாமலே ஊர் தெரிய வேண்டும் என்பதற்கு இவை எவ்வளவு பொருந்துகின்றன! கீழே இறங்காமல் ஒவ்வொரு ஸ்டேஷனையும் அரை நிமிடம் பார்க்கிறவரே இவற்றை அடுத்தடுத்து ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது: அட்டவணையைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் சிறந்த வழியை அதுவே சொல்லிவிடுமே, மனிதருக்கு என்ன வேலை? தாளில் அது சொல்லும் வழி தாளில் சரிதான். ஆனால் காலையில் ஒரு சிக்னல் கோளாறு வந்தால் அந்த வழி பத்து மணிக்கே செத்துவிடும். அடுத்த ரயிலுக்குக் காத்திருப்பதா, பக்கத்து லைனுக்கு ஓடுவதா, இந்தக் கிளையை மாலைக்குத் தள்ளுவதா என்று பிளாட்பாரத்தில் நின்றபடி முடிவெடுக்க வேண்டும். அதற்கு மொத்த அமைப்பும் மனத்தில் இருக்க வேண்டும். மாறும் ஸ்டேஷனில் படிக்கட்டு எந்தப் பெட்டிக்கு எதிரே வரும் என்பது உட்பட. அனுபவசாலிகள் ஏறும்போதே அந்தக் கதவைப் பார்த்து ஏறுகிறார்கள். ஒருவர் பதிந்த குறிப்பேட்டைப் படிக்கக் கிடைத்தால், வந்த நேரம், கிளம்பிய நேரம் என்ற வரிசையில் திட்டத்தை விட்டு அவர் விலகும் முதல் வரியைத் தேடுங்கள். அவருடைய திறமை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இதனால் யாருக்கு என்ன பயன் என்ற கேள்வியைத் தமிழ் வாசகர் கேட்க வேண்டியதே இல்லை. உதடு ஒட்டாமல் சொல்லும்படி ஓர் அந்தாதியையே, அதுவும் ஒரே சொல் வெவ்வேறு பொருளில் திரும்ப வரும் யமகத்தில், சிவப்பிரகாச சுவாமிகள் திருச்செந்தூர் முருகன் மேல் பாடியிருக்கிறார். அந்த விதியை அவரிடம் முருகன் கேட்கவில்லை. ப, ம, வ இல்லாமல் எழுதப் புகுந்தவருக்கு மொழியில் அதுவரை தேவைப்படாத சொற்கள் தேவைப்பட்டன. செஷமும் மில் ஹில் ஈஸ்ட்டும் அப்படித் தேவைப்பட்ட இடங்கள். ஆனால் இன்னோர் ஆட்சேபத்தை இவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது: வேலைக்குப் போகிறவர்கள் நெருக்கியடித்து நிற்கும் இடத்தில் விளையாட்டுக்காக ஓடுவது நியாயமா? நெரிசல் நேரத்தில் எஸ்கலேட்டரில் முட்டித் தள்ளுவதும், மூடும் கதவைக் கையால் பிடிப்பதும் நியாயம் இல்லை. அதற்கும் ஒரு விதி போட்டுக்கொண்டால் ஆயிற்று: ஸ்டேஷனுக்குள் ஓடுவதில்லை. விதி ஒன்று கூடினால் வழி போடுவது இன்னும் நுட்பமாகிறது, ஆட்டம் கெடுவதில்லை.

272-ஐ எடுத்தவுடன் தொட வேண்டாம். கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாமில் பிள்ளைகள் வீட்டில் தங்கியிருப்பவர் ஒரு வார நாளில், காலை நெரிசல் தணிந்த பிறகு, 11 லைன் விதியை முயலலாம். ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி ரயிலில் லிவர்பூல் ஸ்ட்ரீட். அங்கே மாறி சென்ட்ரல் லைனில் ஒரே நிறுத்தம், பேங்க். அங்கிருந்து வாட்டர்லூ அண்ட் சிட்டியில் வாட்டர்லூ. மூன்று லைன் முடிந்தது. வாட்டர்லூவில் பேக்கர்லூ, ஜூப்ளி, நார்தர்ன் மூன்றும் வருகின்றன. ஏற முடிவது ஒன்றில்தான். மற்ற இரண்டையும், மிச்சமிருக்கும் சர்க்கிள், டிஸ்ட்ரிக்ட், மெட்ரோபாலிட்டன், பிக்கடிலி, விக்டோரியா ஐந்தையும் எங்கெங்கே பிடிப்பது என்பதை முந்தின நாள் இரவே வரைபடத்தை விரித்துவைத்து எழுதிக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு லைன் நின்றுபோனால் போவதற்கு இரண்டாவது வழி ஒன்றையும் சேர்த்து.