நான்கு குழாயில் ஒரு பாறைக்கடல்

இருண்ட வானின் கீழ் அலை மோதும் பாறைகளை எண்ணெய் வண்ணத்தில் தீட்டுவோர் பலர் வண்ணத்தட்டில் மூன்று நான்கு நிறங்களுக்கு மேல் பிழிவதில்லை. அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா, மஞ்சள் காவி, டைட்டானியம் வெள்ளை என்பது பரவலான தேர்வு. சுவீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் (1860–1920) பெயரால் வழங்கும் தட்டில் நீலமே கிடையாது. அதில் கருப்பும் வெள்ளையும் சேர்ந்த சாம்பல், காவிக்கு அருகே நீலமாகத் தோன்றி அந்தக் குறையை ஈடுகட்டுகிறது.

சில நிறங்களோடு நிறுத்தும் முறையின் வலிமை சிக்கனத்தைத் தாண்டியது. நீலமும் சியன்னாவும் கலந்தால் கருப்பை நெருங்கிய அடர்நிறம் பிறக்கும். நீலம் மிஞ்சினால் அது பாறையின் குளிர்ந்த நிழல், சியன்னா மிஞ்சினால் ஈரப்பாறையின் செம்பழுப்பு. வானிலும் நீரிலும் பாறையிலும் ஒரே நிறமிகள் கலந்திருப்பதால் படம் சிதறுவதில்லை. நிறத்தேர்வு சுருங்கியபின் கண் வெளிச்ச அளவுகளைக் கவனிக்கத் தொடங்குகிறது. கடலின் கனத்தை உண்டாக்குவது அதுவே. மூட்டமான நாளில், வெளுத்த வானத்தைவிட நுரை பெரும்பாலும் மங்கலாகவே இருக்கும். குழாய் வெள்ளையை அப்படியே நுரையில் அப்புபவர் அந்த உண்மையைத் தவறவிடுகிறார்.

குறைகளும் இங்கேதான் தொடங்குகின்றன. வெயில் ஊடுருவும் அலைமுகட்டின் தெளிந்த பசுநீலம் இந்தத் தட்டில் கிடைக்காது. அல்ட்ராமரைனும் காவியும் சேர்ந்தால் மங்கிய பச்சைதான். வெளிச்சம் கூட்ட வெள்ளையைச் சேர்க்கச் சேர்க்க நிறம் சுண்ணாம்படித்ததுபோல் வெளிறுகிறது.

இவற்றைவிடப் பெரிய குறை, சாம்பல் நிறமே சோகம் என்ற சூத்திரம். இது இங்கே பிறந்ததல்ல. 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று உருவாக்கிய சோழமண்டலம், சென்னை அருகே கடலை ஒட்டிய கலைஞர் கிராமம். ஆனாலும் கடற்காட்சி அதன் அடையாளமாகவில்லை. எனவே தமிழ்நாட்டில் இவ்வகைப் படம் தீட்டுவோர்க்கு, 1869இல் பிரான்சின் எத்ரெத்தாவில் ஓவியர் கூர்பே வரைந்த அலைகள் போன்ற ஐரோப்பியப் படங்களே முன்மாதிரி. அங்கிருந்து நுட்பத்தோடு வானிலையும் இறக்குமதியாகிவிடுகிறது. தென்மேற்குப் பருவமழையில் குமரி மாவட்டத்து முட்டம் கரை இருண்டாலும் அதன் செம்மண் அணைந்துவிடுவதில்லை. சியன்னாவை நிழலுக்கு மட்டும் ஒதுக்கும் ஓவியர் அந்தச் சிவப்பை இழக்கிறார்.

தேனி மாவட்டத்தின் கடலில்லாத கம்பம் பள்ளத்தாக்கில் பயில்வோருக்கு வேறொரு சிக்கல் உண்டு. வீரபாண்டியில் முல்லையாற்றுத் தடுப்பணையும், பெரியகுளத்தை அடுத்த கும்பக்கரை அருவிப் பாறைகளும் நனைந்த கல்லுக்கும் காய்ந்த கல்லுக்கும் உள்ள தொனி வேறுபாட்டை நன்றாகவே கற்பிக்கும். அதற்கு நான்கு வண்ணமே தாராளம். ஆனால் ஆற்றுநீர் ஒரே திசையில் விழுகிறது. அலையோ பாறையில் ஏறி, சிதறி, இடுக்குகள் வழியே இழையிழையாகப் பின்வாங்கும். ஆற்றை மட்டும் பார்த்துக் கடல் தீட்டியவரின் அலை அருவியாகிவிடும். எந்தத் தட்டாலும் அதைத் திருத்த முடியாது.

உலர்தலிலும் எச்சரிக்கை தேவை. சோர்ன் தட்டின் ஐவரி கருப்பு மெதுவாகக் காய்வது. அதை அடியில் தடிப்பாகப் பூசி, விரைவில் காயும் நிறத்தை மேலே இட்டால் வெடிப்பு வரலாம். அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேற்பூச்சில் கூடுதலாகவும் இருப்பதே பாதுகாப்பு.

ஆனி, ஆடி மாதத்துக் குமரிக் கடலுக்கு நான்கு குழாய் போதும். தை மாதத்து வெயிலில் அதே பாறையை வரைய ஐந்தாவதாக விரிடியன் பச்சை வேண்டும்.