மாதிரி விசாரணையும் வாய்மொழிபெயர்ப்புப் பயிற்சியும்

1945 நவம்பரில் நியூரம்பெர்க் விசாரணை தொடங்குமுன், ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யன் ஆகிய நான்கு மொழிகளுக்குரிய வாய்மொழிபெயர்ப்பாளர்கள் மாதிரி விசாரணைகளின்வழிப் பயிற்சி பெற்றனர். இதனை மொழித்திறன் பயிற்சியாக மட்டும் கொள்வது பொருந்தாது. விசாரணையில் பேச்சு விரைந்தால் மஞ்சள் விளக்கு எரியும். சிவப்பு எரிந்தால் பேசுவோர் நிறுத்த வேண்டும். மொழிபெயர்ப்பின் பொறுப்பு பேசுவோருக்கும் உரியதாயிற்று.

பதிவுசெய்த உரையை ஒலிக்கவிட்டு மாணவரைப் பெயர்க்கச் செய்யும் வகுப்பறைப் பயிற்சியில் இவ்வுறவு விடுபடுகிறது. பதிவு ஐயம் தீர்க்காது. மாணவர் விரைவைக் கற்பார், குறுக்கிட்டுக் கேட்கக் கல்லார். தமிழில் சாட்சி கூறும் ‘வந்தானாம்’ என்பதைச் சரிவரக் கேளாது ‘வந்தான்’ எனப் பெயர்த்தால், கேள்விப்பட்டது கண்டதாகிவிடும். எனவே, பேசுவோராகவும் பெயர்ப்போராகவும் மாணவர் மாறிமாறிப் பங்கேற்கும் மாதிரி விசாரணையே ஏற்புடையது எனலாம்.