கலப்படம் என்னும் சொல்லாட்சி

சேலம், நாமக்கல் சமவெளிகளிற் குச்சிக்கிழங்கு எனப்படும் மரவள்ளியின் மாவே சவ்வரிசியாகின்றது. அம்மாவொடு மக்காச்சோள மாவைச் சேர்த்தலையும், வெண்மைக்காக வேதிப்பொருள் இடுதலையும் ‘கலப்படம்’ என்னும் ஒரே சொல்லாற் குறிப்பது இன்றைய வழக்கு. இவ்வாட்சி பொருந்துமா என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்தது.

கலப்பு என்னும் தொழிற்பெயர் ‘அடம்’ ஈறு பெற்றுக் கலப்படம் ஆயிற்று எனலாம். ஒற்றடம், கட்டடம் என்பன உடன்வைத்து எண்ணத்தக்கன. கலப்பு உரம், கலப்பு மணம் என்புழிப் பழிப்பில்லை. கலப்படம் என்றவுடன் வஞ்சம் தோன்றும். எனவே இதன் பொருள் வெறுங் கலத்தலன்று, கொள்வோன் அறியாமற் கலத்தலாம். கலப்பு என்றுமட்டும் பொருளெழுதி அமையும் அகராதி குறையுடைத்து.

1954ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் இச்சொல்லின்மீது பெருஞ்சுமை ஏற்றிற்று. மலிந்த பொருளை மாற்றிவைத்தலும், உள்ளதில் ஒரு கூற்றை நீக்குதலும், அழுகிய பண்டமும் அதனுள் அடங்கின. கொழுப்பு நீக்கிய பாலை முழுப்பால் என்று விற்பானாயின், அவன் கலந்தது யாது? கழித்ததன்றோ உண்டு! ஆங்கிலச் சொல்லின் சட்டப்பொருள் முழுவதையும் ஒரு தமிழ்ச்சொல்லின் தலையில் வைத்ததன் விளைவு இது. அதனை நீக்கி, 2011இல் நடைமுறைக்கு வந்த 2006ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பற்றது, தரங்குறைந்தது, பொய்ப்பெயரிட்டது என வகை பிரித்தது. நம் எழுத்தாளர் பலர் இன்னும் பிரித்திலர்.

சவ்வரிசியின் வரலாறு இன்னொன்றும் காட்டும். அது முன்னர்த் தென்கிழக்காசியப் பனைவகை ஒன்றின் தண்டுமாவாற் செய்யப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அதன் வரவு தடைப்படவே, சேலத்தார் மரவள்ளியை நாடினர். பழம்பொருள் நோக்கின், சேலத்துச் சவ்வரிசி முழுவதும் மாற்றுப்பொருளே. ஆயினும் 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகள் பனைமாவு, மரவள்ளிமாவு இரண்டையும் ஏற்றன. 2023இற் சேலம் சவ்வரிசி புவிசார் குறியீடும் பெற்றது. அன்று மாற்றாய் வந்த மாவு இன்று பெயர்க்குரிய மாவாயிற்று. அதனாலன்றோ மக்காச்சோளம் அயலாயிற்று!

இவ்வேறுபாடு சொல்லளவில் நில்லாது. மக்காச்சோளம் கலப்பின் கிழங்குக்குத் தேவை குறைந்து உழவன் விலை இழப்பான். ஒவ்வா வேதிப்பொருள் இடின் உண்பவன் உடல் கெடுவான். இழப்போர் இருவேறு மக்களாயிருக்க, குற்றத்தை ஒரே பெயரால் அழைத்தல் இருவர் முறையீட்டையும் மயக்கும். ஆதலின் அயல்மாவு சேர்த்தலைமட்டும் கலப்படம் என்க. வெண்மைக்கு மருந்திடுதலை வெளுப்பூட்டல் என்க. ஒன்றன் பெயரால் மற்றொன்றை விற்றற்குப் போலி என்னும் பழஞ்சொல்லே அமையும்.