துணி போர்த்தாத வெல்லிங்டன்

பழைய போர் விமானம் ஒன்றைக் காட்சிக்கு ஆயத்தம் செய்யும் பணியை அருங்காட்சியகத் துறையினர் இரண்டாகப் பிரித்துப் பேசுவர். அழிவு மேலும் பரவாமல் தடுத்து, கிடைத்த பொருளைக் கிடைத்தபடியே காப்பது பேணல். சிதைந்ததைச் செப்பனிட்டு, இல்லாததைப் புதிதாகச் செய்து சேர்த்து, பொருளை அதன் வாழ்வின் ஏதேனும் ஒரு காலத்துத் தோற்றத்துக்குக் கொண்டுவருவது மீட்டமைப்பு. ஏட்டில் தெளிவாக நிற்கும் இப்பிரிவினை பட்டறையில் அவ்வளவு தெளிவாக நிற்பதில்லை. அங்கே ஒவ்வொரு தகட்டையும், தகடுகளைப் பிணைக்கும் ஒவ்வொரு ரிவெட் ஆணியையும் வைத்துக்கொள்வதா மாற்றுவதா என்று தனித்தனியே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தீர்மானங்களின் கூட்டுத்தொகையே இக்கலை. இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சு விமானங்களில் இக்கலை எட்டிய உயர்ந்த நிலைக்கு எடுத்துக்காட்டாக ஒன்றை மட்டும் சொல்ல வேண்டுமானால், இங்கிலாந்தின் வெய்பிரிட்ஜ் நகரில், புரூக்லாண்ட்ஸ் அருங்காட்சியகத்தில் நிற்கும் வெல்லிங்டன் விமானத்தைச் சொல்லலாம்.

வெல்லிங்டனின் சிறப்பு அதன் உட்கட்டில் இருக்கிறது. அக்காலத்து விமானங்கள் பலவற்றில் வெளித்தகடே சுமையின் ஒரு பகுதியைத் தாங்கியது. வெல்லிங்டனின் உட்கட்டை வடிவமைத்த பொறியாளரான பார்ன்ஸ் வாலிஸ், முன்னர் ஆர் 100 என்னும் வான்கப்பலை உருவாக்கியபோது பெற்ற அனுபவத்திலிருந்து வேறொரு வழியைக் கண்டார். வளைந்த பரப்பொன்றின் மேல் இரண்டு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய கோட்டைக் கணிதத்தில் ஜியோடெசிக் கோடு என்பர். விமானத்தின் உடலைச் சுற்றி வலமாக ஒரு வரிசையும் இடமாக ஒரு வரிசையுமாக, இத்தகைய கோடுகளின் வழியே டியூராலுமின் என்னும் அலுமினியக் கலப்பு உலோகச் சட்டங்களை ஓடவிட்டு, அவை குறுக்கிடும் இடங்களில் எல்லாம் பிணைத்தால், ஒரு வரிசை இழுபடும்போது மற்றது அழுத்தப்படுகிறது. இரு விசைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ள, முழு உடலும் தன்னைத் தானே தாங்கி நிற்கிறது. மூங்கில் பிளாச்சுகளை முடைந்து கூடை செய்வோர் கையால் அறிந்திருக்கும் வலிமை இதுவே: ஓரிரு பிளாச்சு முறிந்தாலும் கூடை குலைவதில்லை, சுமை பக்கத்துப் பின்னலுக்கு மாறிவிடுகிறது. எதிரியின் குண்டுகளால் பெரும் ஓட்டைகள் விழுந்த பின்னும் வெல்லிங்டன்கள் தளம் திரும்பியதற்குக் காரணம் இந்தப் பின்னல்தான். சட்டங்களின் மேல் மரப்பட்டிகளைப் பொருத்தி, அவற்றின் மேல் துணியை இழுத்துக் கட்டி, துணியை விறைப்பாக்கும் 'டோப்' என்னும் பூச்சைப் பூசியதும் விமானம் முழுமை பெறும். முழுமை பெற்ற அந்தக் கணத்திலேயே அதன் அழகெல்லாம் கண்ணுக்கு மறைந்தும் விடும்.

இன்று புரூக்லாண்ட்ஸில் நிற்கும் விமானத்தின் பதிவெண் என் 2980. அதன் அடையாள எழுத்தை வைத்து 'ஆர் ஃபார் ராபர்ட்' என்றும் அழைப்பர். 1939 இல் அதே வெய்பிரிட்ஜில் கட்டப்பட்ட இது, அவ்வாண்டு டிசம்பர் 18 ஆம் நாள் ஜெர்மனியின் வடகடல் கரையில், ஹெலிகோலாண்ட் விரிகுடாவின் மேல் நடந்த வான்போரில் பங்கேற்றது. அன்று சென்ற வெல்லிங்டன்களில் பாதிக்கு மேல் அழிந்தன. பகலில் காவல் விமானங்களின் துணையின்றிக் குண்டுவீச்சு விமானங்களை அனுப்பலாம் என்ற நம்பிக்கையும் அவற்றோடு அழிந்து, பிரித்தானியர் இரவுத் தாக்குதலுக்கு மாறினர். உயிர் தப்பிய என் 2980, பின்னர் பயிற்சிப் பிரிவுக்கு அனுப்பப்பட்டு, 1940 டிசம்பர் 31 அன்று ஸ்காட்லாந்தின் மலைகளின் மேல் பனிப்புயலில் ஒரு பொறி பழுதுற்றதால் லாக் நெஸ் ஏரியில் இறங்கி மூழ்கியது. முன்னதாகப் பாராசூட் கொண்டு குதித்தவர்களுள் பின்புறத் துப்பாக்கி வீரர் ஒருவர் உயிரிழந்தார். விமானத்தை நீரில் இறக்கிய விமானிகள் இருவரும் தப்பினர். 1976 இல், அந்த ஏரியில் வாழ்வதாகச் சொல்லப்படும் விலங்கைத் தேடிய அமெரிக்கக் குழுவினரின் ஒலியலைக் கருவியில் விமானத்தின் உருவம் பதிந்தது. 1985 செப்டம்பர் 21 அன்று அது மேலே கொண்டுவரப்பட்டது.

நாற்பத்தைந்து ஆண்டுகள் நீரடியில் கிடந்தும் அது உருக்குலையாமல் இருந்ததற்கு ஏரிநீரின் இயல்பே காரணம். நன்னீரில் உப்பு மிகக் குறைவு. ஆழத்தில் குளிர்ச்சியும் இருளும் மாறாதவை. மின்கலத்தோடு இணைத்துப் பார்த்தபோது அதன் வால்விளக்குகள் எரிந்தன என்பது இத்துறையினர் பெருமையோடு நினைவுகூரும் செய்தி. கடல்நீரில் கிடந்த விமானத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. 2013 ஜூன் 10 அன்று ஆங்கிலக் கால்வாயின் குட்வின் மணல்திட்டருகே ஜெர்மானிய டோர்னியர் 17 விமானம் ஒன்று, அவ்வினத்தில் எஞ்சிய ஒரே விமானம், எடுக்கப்பட்டபோது, அதன் உலோகத்துள் ஊறியிருந்த குளோரைடு உப்புகள் காற்றுப் பட்டதும் அரிப்பை விரைவுபடுத்தும் என்ற கவலை முதலில் எழுந்தது. அதனால் அதைக் காஸ்ஃபோர்டில் நெகிழித்தாள் கூடாரங்களுக்குள் வைத்து, எலுமிச்சையின் புளிப்புக்குக் காரணமான சிட்ரிக் அமிலத்தை அளவாகக் கலந்த நீரை நெடுங்காலம் தெளித்து, உப்பையும் கடற்படிவுகளையும் மெல்ல நீக்கினர். பழையதைப் புதுப்பிக்கும் எந்த வேலையும் அங்கே நடைபெறவில்லை. அழிவை நிறுத்துவதே அங்கே கலையின் முழு எல்லை.

வெல்லிங்டனில் பட்டறையினருக்குக் கூடுதல் உரிமை கிடைத்தது. அந்த உரிமையை அவர்கள் கையாண்ட விதமே போற்றுதலுக்குரியது. பெரும்பாலும் தன்னார்வலர்களாலான குழு, பல ஆண்டுகள் உழைத்து, நெளிந்த சட்டங்களை நிமிர்த்தி, அழிந்துபோன பின்னல்களைப் புதிதாக வளைத்துச் செய்து சேர்த்தது. அதன் பிறகு துணி போர்த்திப் பூச்சுப் பூசியிருந்தால், 1939 ஆம் ஆண்டின் விமானம் ஒன்று பார்வையாளர் முன் நின்றிருக்கும். பெரும்பாலோர் அதையே விரும்பியும் இருப்பர். குழுவினரோ உடலின் பெரும்பகுதியைத் துணியின்றித் திறந்தே விட்டனர். அதன் பயனாக, போர்க்காலத்தில் துணிக்குள் மறைந்திருந்த அந்தப் பின்னலை இன்று எவரும் காணலாம். ஒளி ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளியேற, சரிவுச்சதுரங்கள் வால்வரை சிறுத்துக்கொண்டே போவதைப் பக்கவாட்டில் நின்று பார்க்கும்போது, கணக்கும் கைவேலையும் ஒன்றாகிவிட்ட நிலை புலப்படுகிறது. பழைய சட்டத்தின் அரிப்புத் தழும்பும் புதிய சட்டத்தின் வழவழப்பும் அருகருகே இருப்பதை மறைக்கப் பூச்சு எதுவும் இல்லாததால், எது ஏரி தந்தது, எது பட்டறை தந்தது என்பதும் பொய்யின்றி நிற்கிறது.

மீட்டமைப்பின் எதிர்முனையைக் காண விரும்புவோர் லண்டனின் ஹெண்டன் பகுதியிலுள்ள அரச விமானப்படை அருங்காட்சியகத்து ஹாலிஃபாக்ஸ் விமானத்தை நினைக்கலாம். 1942 ஏப்ரலில் நார்வேயில் டிர்பிட்ஸ் போர்க்கப்பலைத் தாக்கச் சென்று, உறைந்த ஏரியின் மேல் இறங்கி, பனி உடைந்து மூழ்கி, 1973 இல் எடுக்கப்பட்ட அது, கிழிந்த தகடுகளோடு பெரிதும் எடுக்கப்பட்டபடியே கிடத்தப்பட்டது. அது காண்போரை வருத்தும் காட்சிதான். ஆயினும் அந்த வருத்தத்துக்கு ஓர் அருங்காட்சியகத்தில் இடமுண்டு.

அமெரிக்காவில் முழுமையான மீட்டமைப்பே பெரிதும் விரும்பப்பட்டது. 25 போர்ப் பயணங்களை முடித்த பி 17 விமானமான மெம்ஃபிஸ் பெல், மெம்ஃபிஸ் நகரில் பல்லாண்டுகள் வெயிலிலும் மழையிலும் நின்று நலிந்தபின், 2005 இல் ஓஹாயோவின் டேட்டன் அருகிலுள்ள விமானப்படை அருங்காட்சியகத்துக்குச் சென்றது. அதன் குழுவினரின் கடைசிப் போர்ப் பயணத்துக்குச் சரியாக 75 ஆண்டுகள் கழித்து, 2018 மே 17 அன்று மக்கள் பார்வைக்கு வந்தது. அதன் வண்ணமும் எழுத்தும் சான்றுகளைத் துருவி ஆராய்ந்து தீட்டப்பட்டவை. ஹிரோஷிமாவின் மேல் அணுகுண்டை வீசிய எனோலா கே விமானத்துக்கு 1984 இல் தொடங்கி ஏறத்தாழ 3,00,000 மணி நேர உழைப்பு செலவானது. அந்த உழைப்பின் நேர்த்தியில் குறை காண இயலாது. ஆனால் கண்ணாடிபோல் பளபளக்கும் அந்த அலுமினியத்தின் கீழே ஒரு நகரம் எரிந்தது என்பதைப் பளபளப்பு சொல்லாது. அதைச் சொல்ல முயன்ற 1995 ஆம் ஆண்டுக் கண்காட்சித் திட்டம் முன்னாள் படைவீரர் அமைப்புகளின் எதிர்ப்பால் கைவிடப்பட்டது பெரும் இழப்பு. குண்டுவீச்சு விமானத்தை மீட்டமைப்போர், அதில் பறந்தோருக்கும் அதன் கீழே வாழ்ந்தோருக்கும் ஒருங்கே கடன்பட்டவர்கள்.

இக்கலையில் இந்தியாவுக்கும் பங்குண்டு. போர் முடிந்ததும் பிரித்தானியர் கான்பூரில் பழுதாக்கிக் கைவிட்டுச் சென்ற லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை, 1948 முதல் பெங்களூரின் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தார் செப்பனிட்டுப் பறக்க வைத்தனர். இந்திய விமானப்படை அவற்றை 1968 வரை பயன்படுத்தியது. இன்று உலக அருங்காட்சியகங்களில் காணப்படும் லிபரேட்டர்கள் சில இவ்வாறு பிழைத்தவையே. பிரித்தானிய அரச விமானப்படை அருங்காட்சியகத்தில் இருப்பதும் அவற்றுள் ஒன்று, தில்லியின் பாலம் அருங்காட்சியகத்தில் இருப்பது மற்றொன்று. காட்சிக்காக அன்றிப் பயன்பாட்டுக்காகச் செய்த அந்த வேலை, தொழில்திறன் என்ற அளவில் மேற்கண்ட எதற்கும் குறைந்ததன்று.

கட்டப்பட்ட வெல்லிங்டன்கள் 11,461. முழு உருவில் எஞ்சியவை இரண்டு. அவற்றுள் 1944 இல் கட்டப்பட்டது போருக்குச் சென்றதில்லை. சென்று மீண்டது, துணி போர்த்தாமல் புரூக்லாண்ட்ஸில் நிற்கும் என் 2980 மட்டுமே.