தரைத்தளமும் முதல் தளமும்

2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெய்ல் பிரிவு தரைத்தளத்தில், சிறுவர் பிரிவு முதல் தளத்தில். மாடி ஏற வேண்டாமேங்கிற அக்கறை, புரியுது. ஆனா பார்வையில்லாத அக்காவும் பார்வையுள்ள தம்பியும் சேர்ந்து வந்தால்? தம்பி மேலே கதைப்புத்தகம் புரட்டுவான். அக்கா கீழே, பெரியவங்க நடுவில்.

ஸ்வீடன் பொது நூலகங்களில் ‘ஆப்பிள் அலமாரி’ன்னு ஒண்ணு உண்டு. தொட்டுணரும் படப்புத்தகம், பேசும் புத்தகம், சைகைமொழிக் கதை, எளிய நடை நூல் எல்லாம் அதில். அது இருப்பது சிறுவர் பகுதிக்குள்ளேயே. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கும் அதில் புத்தகம் உண்டு. நாமோ சிறப்புத் தேவைன்னாலே பிரெய்லோடு நின்னுடறோம்.

மென்பொருளில் நாங்க பண்ற அதே தப்புதான்: எல்லாம் முடிஞ்சப்புறம் தனி மாட்யூலா ஒட்டுறது. முதல் தளத்தில் ஒரு அலமாரி ஒதுக்கினால் போதும். லிஃப்ட்தான் இருக்கே!