நைஸ் என்னும் சொல்லை ரசிப்பது எப்படி?

ஆங்கிலக் கட்டுரை திருத்தும் ஆசிரியர்கள் தயக்கமின்றிச் சிவப்பு மையால் அடிக்கும் சொல் ஒன்று உண்டென்றால் அது ‘நைஸ்’ என்பதே. மழையும் நைஸ், மாம்பழமும் நைஸ், மாமனாரும் நைஸ் என்று சகலத்துக்கும் பொதுவாகிவிட்டபடியால் அது எதையுமே சொல்லாத சொல் என்பது அவர்கள் கட்சி. ரிஷிமூலம் பார்க்கலாகாது என்பார்கள். சொற்களின் விஷயத்திலோ மூலம் பார்த்தால்தான் சுவை.

லத்தீனில் அறியாதவன் என்று பொருள்படும் ‘நெஸ்கியுஸ்’ என்ற சொல், பழைய பிரெஞ்சின் வழியாக 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தை அடைந்தபோது, ஒருவரை நைஸ் என்றால் மூடன் என்று ஏசியதாகவே அர்த்தம். அங்கிருந்து கூச்சம், எதிலும் லேசில் திருப்தியடையாத குணம், நுட்பம், துல்லியம் என்று பல அர்த்தங்களில் அலைந்து, 18-ஆம் நூற்றாண்டில்தான் அது இனிமையில் வந்து நின்றது. இந்த யாத்திரையைக் காண விரும்புகிறவர், 1884 முதல் பகுதி பகுதியாக வெளிவந்து 1928-இல் நிறைவெய்திய ஆக்ஸ்போர்டு பேரகராதியைத் திறந்து, அர்த்தங்களை ஒதுக்கிவிட்டு, ஆண்டு வரிசையில் அடுக்கியிருக்கும் மேற்கோள்களை முதலில் வாசிக்கட்டும். வசவு மெல்ல மெல்லப் பாராட்டாவதை அவரே கண்டுபிடித்த சந்தோஷம் கிட்டும். பழைய அர்த்தமும் முற்றிலும் மாண்டுபோகவில்லை: நீதிபதி ஒரு சட்டப் பிரச்னையை நைஸ் என்றால், அது மயிரிழை நுணுக்கமுடையது என்பதே கருத்து.

1817 டிசம்பரில் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் ‘நார்த்தாங்கர் அபி’ நாவலில், ஒரு நாவலை நைஸ் என்று வியக்கும் காதரீனை, ‘நேர்த்தியானது என்கிறீரோ? அது பைண்டிங்கைப் பொறுத்தது’ என்ற பாவனையில் ஹென்றி டில்னி கேலி செய்கிறான். பலரும் இந்தக் கேலியோடு நின்றுவிடுகிறார்கள். ரசிகர் நிற்க வேண்டிய இடம் அடுத்தது. அவன் தங்கை எலினார், அந்தச் சொல் உனக்கே பொருந்தும், ஆனால் பாராட்டாக அன்று என்று, குற்றம் பார்க்கும் குணத்தைக் குறிக்கும் பழைய அர்த்தத்தையே எடுத்து அவன்மீது திருப்பிவிடுகிறாள். இருநூறு ஆண்டுகளாகியும் இதைவிடச் சாமர்த்தியமான பதிலை வாத்தியார்களுக்கு யாரும் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

நம்மவர் வாயில் இதன் கதை வேறு. உளுந்தை நைஸாக அரை என்று சொல்லும் பாட்டி, நுண்மை என்ற பழைய அர்த்தத்துக்கு அறியாமலே அருகில் நிற்கிறாள். பந்தியில் மோர் வருமுன்பே நைஸாக நழுவுகிறவரோ, எந்த ஆங்கிலேயனுக்கும் விளங்காத ஓர் அர்த்தத்தை அதற்குச் சேர்த்துவிட்டார்.