லைலாக் பூத்தால் மீன்

நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் கடல் ஓதம் சுமார் 240 கிலோமீட்டர் உள்ளே, ட்ராய் அணைவரை ஏறுகிறது. வசந்தத்தில் அங்கே தூண்டில் போடுகிறவர்கள் நாட்காட்டியைவிடச் செடிகளைத்தான் பார்க்கிறார்கள். ஃபோர்சைத்தியா மஞ்சளாய்ப் பூத்தால் ஹெர்ரிங் மீன் வந்தாயிற்று; லைலாக் பூத்தால் அதைத் தின்னும் ஸ்ட்ரைப்டு பாஸ் மீன் முட்டையிடக் கூடியாயிற்று. மூடநம்பிக்கை இல்லை இது. பூவை மலர்த்தும் அதே வெதுவெதுப்புதான் ஆற்று நீரையும் 15 டிகிரி செல்சியஸை ஒட்டிக் கொண்டுவருகிறது. ஆனால் பனியுருகலும் மழையும் சேர்ந்து ஆறு கலங்கிவிட்டால் பூவை நம்பிப் பயனில்லை. தெளிந்த நாளில், பாஸைப் பிடிக்க உயிருள்ள ஹெர்ரிங்கைத் தூண்டில் முள்ளில் கோத்து, ஓதம் திரும்பி நீர் மறுபடி நகரத் தொடங்கும் நேரத்தில் ஓட்டத்தோடு விடுவார்கள். ஷாட் மீனும் இதே பருவத்தில் ஏறுகிறது. ஆனால் 2010 முதல் இந்த ஆற்றில் அதைப் பிடிக்கத் தடை.